நாலாயிரம் ஜோடிச் செருப்புகள்

2014 ஆகஸ்ட் மூன்றாம் தேதி, ஞாயிறு காலை பத்து மணிக்கு, திண்டிவனம் பஸ் ஸ்டாண்டு அருகே நாலாயிரத்து முந்நூற்றுப் பன்னிரண்டு ஜோடிச் செருப்புகள் ஆளில்லாமல் வந்து நின்றன. ரப்பர் செருப்புகள்தான் அதிகம். வல்லத்திலிருந்து நடந்தே வந்தவற்றில் செம்மண் ஒட்டியிருந்தது. சென்னைச் செருப்புகள் ரயிலில் வந்ததால் சுத்தமாக இருந்தன.

அழைத்தவன் மல்லாட்டை என்கிற வேர்க்கடலை மண்டியில் மூட்டை தூக்கும் மரிய அருண். ஓமந்தூருக்கு அப்பால் இருக்கும் அவன் காலனிக்குக் கல்லறைப் பாதை கிடையாது. அடுத்தவர் வயலில் இறங்கித்தான் பிணம் போக வேண்டும். நான்கு வருஷத்துக்கு முன், ஐப்பசி மழையில், அவன் அப்பா சூசைமுத்துவின் பெட்டி சேற்றில் கவிழ்ந்தது. புருஷன் முகத்தை முந்தானையால் துடைத்த பிறகுதான் இருதயமேரி குழியில் இறக்க விட்டாள். "எனக்காச்சும் ஒரு பாத வாங்கிக் குட்றா" என்று மகனிடம் கேட்டாள். அந்த வாரமே அருண் ஃபேஸ்புக்கில் 'கல்லறைக்குப் பாதை' என்று ஒரு பக்கம் தொடங்கினான்.

அந்தக் காலனியில் பிணத்தோடு நடப்பவர்கள் செருப்பை வீட்டிலேயே விட்டுவிடுவார்கள். அந்த வழக்கத்தை நம்பி, பாதை கேட்கும் கூட்டத்துக்கு "சாவுக்கு வருவதுபோல் வெறுங்காலோடு வாருங்கள்" என்று எழுதியதுதான் அவன் செய்த பிழை. 'வருகிறேன்' என்று அழுத்தியவர்கள் சொன்னபடியே செருப்பைக் கழற்றினார்கள்; கழற்றியதே பெரிய காரியமென்று வீட்டில் உட்கார்ந்துவிட்டார்கள். செருப்புகளுக்கு அந்தச் சாமர்த்தியம் இல்லை, பாவம், கிளம்பிவிட்டன.

கூட்டத்தைப் பார்க்க வந்திருந்த தாலுகா அதிகாரி, "ஆளுங்க எங்கப்பா?" என்றார்.

"வர்றேன்னு போட்டாங்க சார்" என்றான் அருண். தலை இருந்தால்தான் கூட்டம் என்று சொல்லிவிட்டு அவர் ஜீப்பில் ஏறினார்.

அன்று செருப்புகள் அவன் பின்னாலேயே வந்து, காலனியில் மாதா சிலை நிற்கும் குகையான கெபிக்குப் பின்புறம் குவிந்துகொண்டன. அதன்பின் திங்கட்கிழமைதோறும் மனுவோடு விழுப்புரம் கலெக்டர் ஆபீஸுக்கு அருண் தனியாகத்தான் பைக்கில் போனான். பதினேழாவது திங்கள் மழையில், நெடுஞ்சாலையில் ஒரு லாரி அவனை அடித்துப்போட்டது.

அவன் ஃபேஸ்புக் பக்கத்தில் ஒன்பதாயிரம் பேர் ஆழ்ந்த இரங்கல் எழுதினார்கள். தூக்க ஆறு பேர் வந்தார்கள். பெட்டி வயலை நெருங்கியபோது கெபிக்குப் பின்னாலிருந்து செருப்புகள் எழுந்து முன்னே இறங்கின. ஒரு மணி நேரம் சேற்றை மிதித்தன, கல்லாக இறுகும்வரை மிதித்தன. பெட்டி சாயவில்லை.

"கூட ஒரு இருவது பேரு நின்னிருந்தா எம்புள்ள தனியா அலஞ்சிக்கினு இருந்திருப்பானா?" என்று இருதயமேரி செருப்புகளைப் பார்த்துக் கேட்டாள். குழியருகே மகன் முகத்தில் துளி சேறில்லை. இருந்தாலும் முந்தானையால் துடைத்தாள், துடைத்துக்கொண்டே இருந்தாள்.

அந்தப் பாதையில் டிராக்டர் கலப்பை இறங்காததால் வயல்காரர் இரண்டு முறை உழுதுபார்த்து விட்டுவிட்டார். இப்போது பஞ்சாயத்து வரைபடத்திலும் அது இருக்கிறது. செருப்புக்காரர்கள் வேறு செருப்பு வாங்கிக்கொண்டார்கள். இருதயமேரி கல்லறைத் திருநாளில் மெழுகுவர்த்தியோடு அதில் போய்வருகிறாள். அவள் கேட்ட பாதைதான்.