ஹலோக்காவின் கிடார்

ஆஸ்பத்திரியில் அவளை எல்லோரும் ஹலோக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். தொலைபேசி அறையில் வருஷக்கணக்காக உட்கார்ந்து, வருகிற அழைப்பையெல்லாம் ஒரு ‘ஹலோ’ சொல்லி வாங்கி அந்தந்த வார்டுக்குத் தள்ளிவிட்டவள். பேசுகிறவர் அழுது முடித்தவரா, இனிமேல் அழப்போகிறவரா என்று மூச்சை வைத்தே சொல்லிவிடுவாள். அப்படிப்பட்டவளுக்குத்தான் காது மந்தமானது. கண் வார்டைக் கேட்டவர்களைப் பெண்கள் வார்டுக்கு அனுப்பினாள். முதலில் சிரித்தார்கள். பிறகு, “உங்க நல்லதுக்குத்தான்க்கா” என்று சொல்லி, துவைத்த துணி அடுக்கும் கிடங்குக்கு மாற்றிவிட்டார்கள்.

காது டாக்டரம்மா இரண்டு கிளை உள்ள ஒரு இரும்புக் கவையைத் தட்டி அவள் காதருகே பிடித்தாள். சுவருக்கு அந்தப் பக்கம் கொசு பறப்பதுபோல் இருந்தது. அதே கவையின் காம்பைக் காதுக்குப் பின்னால் எலும்பில் வைத்து அழுத்தினாள். தலைக்குள் யாரோ விளக்கேற்றியதுபோல் நாதம் பரவியது. ஹலோக்கா கண்ணை மூடிக்கொண்டாள்.

“கேக்குதா?”

“எடுத்துடாதீங்க டாக்டர்.”

காதுக்குள் ஒரு குட்டி எலும்பு அசையாமல் இறுகிவிட்டது, ஆபரேஷன் செய்யலாம், அவசரமில்லை என்றாள் டாக்டரம்மா. கத்தி என்றாலே காத தூரம் ஓடுகிறவள் ஹலோக்கா. யோசித்துச் சொல்கிறேன் என்று வந்துவிட்டாள்.

அன்றிலிருந்து கண்டதிலெல்லாம் தலையைச் சாய்க்க ஆரம்பித்தாள். பஸ் ஜன்னல் கம்பி அவள் நெற்றிக்குள் முனகிக்கொண்டே வந்தது. கிடங்கில் ஆளில்லாத நேரம் பார்த்துத் துவைக்கும் மெஷின்மேல் தாடையை வைத்துக்கொண்டு நிற்பாள். வெள்ளைத் துணி அடுக்குகள் மேகங்களாக நகர்வதுபோல் இருக்கும். ஒருநாள் வீட்டில் ஃபிரிட்ஜைக் கட்டிக்கொண்டு நின்றவளைப் புருஷன் பார்த்துவிட்டான். கார்களுக்குப் பெயிண்ட் அடிக்கிறவன் அவன்.

“உள்ள இருக்கறத எடுக்கணும்னா கதவைத் திறக்கணும்மா” என்றான்.

மறுவாரம் அவள் கைபேசியில் ஒரு மின்சாரக் கிடாரைப் பார்த்தாள். அதை மார்போடு அணைத்துப் பிடித்துத்தானே வாசிக்கிறார்கள், எலும்புக்குக் கேட்குமே என்று தோன்றியது. விலையும் நம்ப முடியாத மலிவு. வாங்கிவிட்டாள். மலிவின் ரகசியம் பெட்டியைப் பிரித்தபோது தெரிந்தது. வழுக்கைக் கட்டை ஒன்று, நீளமான கழுத்து ஒன்று, ஒரு பையில் திருகாணிகள், ஒயர்கள், காந்தக் கட்டைகள், சுருட்டிய ஆறு கம்பிகள்.

“கிடார்னு சொல்லி விறகு அனுப்பியிருக்கான்” என்றான் பெயிண்டர்.

“நானே பண்றேன். நீங்க கை வைக்கக் கூடாது.”

“சும்மா பாக்கறேம்மா.”

பூனையைப் பாலுக்குக் காவல் வைத்த கதைதான். மாலைகளில் அவள் சாப்பாட்டு மேஜையில் கட்டையைக் கிடத்தி உப்புத்தாளால் தேய்த்தாள். மரத்தூள் மாவாக உதிர்ந்து ஜன்னல் வெயிலில் மிதந்தது. அவன் எதிரில் உட்கார்ந்து, கையைத் தொடைக்கடியில் செருகிக்கொண்டான்.

சாயம் பூசுவதற்குமுன் எல்லாம் பொருந்துகிறதா என்று ஒருமுறை மாட்டிப் பார்க்கச் சொல்லிப் பெட்டியோடு வந்த தாளில் போட்டிருந்தது. கழுத்தைத் திருகி, ஒரே ஒரு கம்பியைக் கட்டி மீட்டினாள். ஒன்றும் கேட்கவில்லை. குனிந்து கட்டையின் மேலே கொம்புபோல் நீண்ட முனையில் தாடையை வைத்து மறுபடி மீட்டினாள். பல்லில் தொடங்கி, கன்னம் ஏறி, உச்சந்தலை வரைக்கும் நிறைந்தது. கிணற்றுக்குள் இறங்குவதுபோல் இருந்தது, ஆனால் நனையவில்லை. அடுப்பில் பால் பொங்கி வழிந்ததையும், அவன் ஓடிப்போய் அணைத்ததையும் அவள் அறியவில்லை.

பிறகு துணியை நனைத்து நீலச் சாயம் பூசினாள். இரண்டு பலகை ஒட்டிய இடத்தில் பசை கசிந்திருக்க வேண்டும். அங்கே சாயம் ஏறாமல் வெளுத்த திட்டு நின்றது. மழை நாளில் பஸ்ஸிலிருந்து பார்க்கிற குளம்போல் இருக்கிறது என்று அவள் சொன்னாள். பெயிண்டருக்கு அது கண்ணில் விழுந்த தூசி. சாப்பிடும்போதும் அதையே பார்த்தான். அவள் வேலைக்குப் போயிருந்த ஒரு நாளில் பொறுக்க முடியாமல், கழுத்தைக் கழற்றிவிட்டுக் கட்டையைப் பட்டறைக்குத் தூக்கிக்கொண்டு போய்விட்டான்.

அன்று ராத்திரி கட்டை எங்கே என்று கேட்டவளிடம், “நாளைக்குப் பாரு” என்று மட்டும் சொன்னான். அடுத்த நாள் அவள் வந்தபோது மேஜையில் அது சிவப்பாக மின்னியது. பட்டி பார்த்து, இழைத்து, மேலே கண்ணாடிப் பூச்சு வேறு. அவள் முகம் அதில் தெரிந்தது.

“எப்படி?” என்றான்.

“ரொம்ப அழகா இருக்கு” என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

அந்தக் குரல் எதற்கு அறிகுறி என்று கல்யாணமானவனுக்குத் தெரியாதா? அதற்குப்பின் வீட்டில் பாத்திரங்கள்தான் பேசின. கடைசியில் அவனே வாய் திறந்தான்.

“என்னதாம்மா குத்தம்? ஒரு சொட்டு ஒழுகல் காட்டு பாப்போம்.”

“போன் ரூம்லேருந்து எடுத்தாங்க, நல்லதுக்குத்தான்னாங்க. துணிக்கு அனுப்பினாங்க, அதுவும் நல்லதுக்குத்தான்னாங்க. என் கையால ஆனது இந்த ஒரு கட்டை. நீங்களும் நல்லதுக்குத்தானே பண்ணீங்க?”

அவன் எழுந்துபோய்ச் சொரசொரப்பான உப்புத்தாள் இரண்டு எடுத்துவந்தான். ஒன்றை அவள் முன் வைத்து, இன்னொன்றைத் தன்னிடம் வைத்துக்கொண்டான்.

“எங்கேருந்து ஆரம்பிக்கலாம்? நீ சொல்லு.”

அவள் ஒரு ஓரத்தைக் காட்டினாள். தன் கைவேலையில் ஆகச் சிறந்த ஒன்றை அவன் தானே சுரண்டினான். முதல் கோடு விழுந்தபோது மட்டும் பல்லைக் கடித்துக்கொண்டான். ஞாயிற்றுக்கிழமை முழுவதும் தேய்த்தார்கள். சிவப்புத் தூள் இரண்டு பேர் தலையிலும் படிந்தது. அவன் புருவத்தைப் பார்த்து அவள் சிரித்தாள். அவள் சிரித்ததைப் பார்த்து அவனும் சிரித்தான். சிவப்புக்கு அடியிலிருந்து நீலம் மெல்ல எழுந்து வந்தது. மரத்தின் ரேகைகளுக்குள் மட்டும் சிவப்பு தங்கி, விடிவதற்குச் சற்று முந்தைய வானமாக ஆனது.

“போதும்” என்றாள்.

“இன்னும் சிவப்பு இருக்கே?”

“இருக்கட்டும். இது யாரும் பூசினதில்ல.”

மேலே துணியால் வார்னிஷ் தடவிக் காயவைத்தாள். ஒயர்களை அவளே ஈயம் உருக்கிப் பற்றவைத்தாள். பட்டறை நண்பரிடம் அவன் ஒரு சின்ன ஒலிபெருக்கிப் பெட்டி இரவல் வாங்கி வந்தான். சொருகினால் சத்தமே இல்லை. அவன் முகம் விழுந்தது. அவள் பதறவில்லை. எங்கே தொடர்பு விட்டுப்போனது என்று தேடுவது அவளுக்குப் புதிதா என்ன? மூடியைக் கழற்றி, ஒவ்வொரு ஒயராக இழுத்துப் பார்த்து, பற்றாமல் ஒட்டிக்கொண்டிருந்த ஒன்றைக் கண்டுபிடித்துச் சூடு வைத்தாள்.

இந்த முறை அறை முழுக்க ஒலித்தது. பாட்டு எதுவும் அவளுக்குத் தெரியாது. தடித்த கம்பியிலிருந்து மெல்லிய கம்பி வரை ஒவ்வொன்றாக மீட்டிவிட்டு, ஒவ்வொன்றும் அடங்கும்வரை காத்திருந்தாள். திரைச்சீலை லேசாக ஆடியது. பெயிண்டர் சுவரில் சாய்ந்து கண்களை மூடிக்கொண்டான்.

“ஆபரேஷன் பண்ணிக்கறேங்க” என்றாள் திடீரென்று.

“ஏம்மா இப்ப?”

“இந்தக் கடைசிக் கம்பி எலும்புக்குள்ள சரியா வரல. வெளியேருந்து கேட்டுப் பாக்கணும்.”

அவன் தலையசைத்தான். கதவு தட்டும் சத்தம் அவனுக்கு மட்டும் கேட்டது. போய்த் திறந்தான். மாடி வீட்டு அக்கா நின்றாள்.

“யாரு வாசிக்கறது?”

“வீட்டுக்காரிதான். அவளே செஞ்சது.”

அந்த அக்கா எட்டிப் பார்த்தாள். “கலர் நல்லாருக்கே! நீங்க அடிச்சதா?”

“இல்லக்கா” என்றான். “நான் சுரண்டினது.”

சொல்லும்போது அவன் குரலில் கொஞ்சம் பெருமையும் இருந்தது. உள்ளே ஹலோக்கா சுருதி கூட்ட, கம்பியை முறுக்கும் ஆணியைத் திருகிக்கொண்டிருந்தாள். புதுக் கம்பி, இழுக்க இழுக்கத் தளர்ந்துகொண்டே வந்தது. அவளுக்கு அவசரம் ஒன்றும் இல்லை.