எனக்குப் புட்டி போதும்

1

"எனக்குப் புட்டி போதும், கனகா."

"புட்டி, புட்டி, புட்டி. காலைல எந்திரிச்சதும் அதைத்தான் திறக்குறீங்க."

"மூணு வருசமா அதோடதான் இருக்கேன். என்ன கெட்டுப்போச்சு?"

"என்ன கெட்டுப்போச்சா? போன மாசம் செம்பட்டியில நாப்பது நிமிசம் என்ன ஆச்சு? அம்புட்டுப் பேரும் பாத்தாங்கல்ல?"

"அது புட்டியால இல்ல."

"அப்ப யாரால? சொல்லுங்க, யாரால?"

சன்னல் சாத்தப்பட்டது.

இந்தக் கதை எனக்கு இப்படித்தான் கிடைத்தது. ஒட்டுக்கேட்டு. எங்கள் வீட்டு மாடியில் பரணியும் கனகாவும் குடியிருக்கிறார்கள். நான் அவர்கள் சன்னலுக்கு வெளியே துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன். கடைசித் துண்டை உதறி முடித்தபோது என் அடுத்த நாவல் தயாராகிவிட்டது: குடிகாரக் கணவன், படித்த மனைவி, செம்பட்டியில் ஒரு அவமானம்.

(குடும்ப நாவல் எழுதுகிறவர்களுக்குக் கொடிக்கயிறும் ஒரு தொழிற்கருவி. வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் உண்மை.)

2

முதல் தொடக்கம்:

கண்ணாடிப் புட்டி தரையில் உருண்டது. கனகா குனிந்து எடுத்தாள். அவள் கழுத்துத் தாலி முன்னால் சரிந்து, அந்தப் புட்டியின் மேல்

இந்த வாக்கியத்தை நான் முடிக்கவில்லை. அப்படியே விட்டிருக்கிறேன், எவ்வளவு வேகமாகத் தப்பாகப் போக முடியும் என்று நீங்களும் பார்க்கலாம். இப்படி மூன்று அத்தியாயம் எழுதினேன். அதோடு நிறுத்தியிருந்தால்கூடப் பரவாயில்லை. ஒருநாள் மாடிப்படியில் கனகாவை நிறுத்தி, குரலைத் தாழ்த்தி, "மதுரையில ஒரு டாக்டர் இருக்காரும்மா, குடியை மறக்கடிச்சிருவாரு. ரகசியமா கூட்டிட்டுப் போகலாம்" என்றேன்.

கனகா கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். சிரித்துச் சிரித்துப் படியிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"அக்கா, அது கம்ப்யூட்டர்ல இருக்கிற புட்டிக்கா."

இருவரும் திண்டுக்கல்லில் ஒரு தனியார் மருத்துவமனையில் நெட்வொர்க் பொறியாளர்கள். அந்தத் துறையில் ஆட்களே அவர்கள் இரண்டு பேர்தான். செம்பட்டியிலும் பாலசமுத்திரத்திலும் அதற்குக் கிளைகள் உண்டு. கணினிகளை ஒன்றோடொன்று இணைக்கும் ஸ்விட்ச், ரவுட்டர் பெட்டிகள் எல்லாக் கிளையிலும் உண்டு. அந்தப் பெட்டிகளுக்குத் திரை கிடையாது. உட்கார்ந்த இடத்திலிருந்து அவற்றோடு பேச, உங்கள் கணினியில் ஒரு சன்னலைத் திறந்து கட்டளையைத் தட்டச்சு செய்ய வேண்டும். அந்தச் சன்னலைத் திறந்து தரும் மென்பொருளுக்கு டெர்மினல் எமுலேட்டர் என்று பெயர். அதில் இலவசமாகக் கிடைக்கும் ஒன்றுதான் புட்டி.*

*ஆட்களின் பெயர்களை மாற்றிவிட்டேன். புட்டியின் பெயரை மாற்றவில்லை. மாற்றினால் கதையே இல்லை.

மூன்று அத்தியாயங்களையும் கிழித்துப் போட்டேன். ஆனால் சண்டை மிச்சம் இருந்தது. ஒரு மென்பொருளுக்காகக் கணவனும் மனைவியும் சன்னலைச் சாத்திக்கொண்டு சண்டை போடுவார்களா? உள்ளே வேறு ஏதோ இருக்கிறது. அதைக் கண்டுபிடிக்காமல் விடுவதில்லை என்று உட்கார்ந்தேன்.

3

செம்பட்டியில் நடந்தது இதுதான்.

எந்த மாற்றத்தையும் முதலில் ஸ்டோர் ரூமில் சும்மா கிடக்கும் பழைய ஸ்விட்சில் போட்டுப் பார்ப்பது இவர்கள் வழக்கம். அது சோதனைப் பெட்டி. சரியாக வந்தால்தான் ஓடிக்கொண்டிருக்கும் பெட்டிக்குப் போவார்கள். இரண்டுக்கும் இரண்டு சன்னல். இரண்டும் கறுப்பு. குழப்பம் வரக்கூடாது என்று கனகா ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்து எல்லாச் சன்னலுக்கும் நிறம் கொடுத்தாள். ஓடும் பெட்டிக்கு அடர்சிவப்பு. சோதனைப் பெட்டிக்கு அடர்பச்சை. அவனுக்காகத்தான் செய்தாள். செய்து முடித்து, "இனிமே கண்ண மூடிட்டு வேல பாக்கலாம்" என்றாளாம்.

அடுத்த வாரம் அவள் பாலசமுத்திரத்தில் இருந்தாள், அவன் திண்டுக்கல்லில். போனில் சொன்னாள்: "நான் அனுப்புன எட்டு வரிய அப்படியே காப்பி பண்ணிப் பச்சை விண்டோல ஒட்டுங்க."

ஒட்டினான். புட்டியில் மவுஸின் வலது பொத்தானை அழுத்தினால் போதும், ஒட்டிவிடும். நிஜமாகத்தானா என்று கேட்காது. பெட்டியின் அமைப்பை அழித்துப் புதிதாக ஆரம்பிக்கும் எட்டு வரிகள் செம்பட்டி மருந்தகத்தின் ஸ்விட்சுக்குள் இறங்கின. மருந்தகம், பில் போடும் இடம், ரத்தப் பரிசோதனைக் கூடம் மூன்றும் துண்டாகிவிட்டன. கேபிளைச் சுருட்டிப் பையில் போட்டுக்கொண்டு பரணி பைக்கில் செம்பட்டிக்கு ஓடினான். ஆக மொத்தம் நாற்பது நிமிடம். காய்ச்சல் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு ஒரு அம்மா அந்த நாற்பது நிமிடமும் மருந்துச் சீட்டோடு நின்றாராம்.

நிர்வாக அலுவலர் அப்துல் கையூம் கத்தவில்லை. கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்றாள் கனகா. "நல்ல மென்பொருளா ஒண்ணு முடிவு பண்ணுங்க. எப்படி வேலை பாப்பீங்கன்னு விதியா எழுதிக் குடுங்க. இன்னொரு தடவை இப்படி ஆச்சுன்னா வெளிக் கம்பெனிகிட்ட குடுத்திருவேன்" என்று மட்டும் சொன்னார். அப்படி என்றால் இரண்டு சம்பளமும் ஒரே நாளில் நிற்கும்.

கனகா ஒரு புது மென்பொருளைக் கண்டுபிடித்தாள். எல்லாப் பெட்டிகளும் ஒரே சன்னலுக்குள், பிரவுசரில் இருப்பதுபோல, டேப் டேப்பாக நிற்கும். நிறைய வரிகளை ஒட்டப் போனால், "நிஜமாகவா?" என்று கேட்கும். ஒவ்வொரு டேப்புக்கும் நிறம் பூசலாம். பரணி வேண்டாம் என்றான். லேப்டாப் சூடாகுது என்றான். எழுத்து சின்னதா இருக்கு என்றான். கடைசியில், புட்டி போதும் என்றான்.

4

இந்த இடத்தில் எனக்குப் பரணி மேல் சந்தேகம் வந்தது. ஒரு பாத்திரம் காரணத்தை மாற்றி மாற்றிச் சொன்னால், அதற்கு உண்மையான காரணம் ஒன்று இருக்கிறது என்றுதான் அர்த்தம். இருபது வருடம் நாவல் எழுதியதில் நான் கற்றது அவ்வளவுதான். [இங்கே ஆண்களின் பிடிவாதம் பற்றி ஒரு பத்தி எழுதினேன். நன்றாக இருந்தது. பொய் என்பதால் எடுத்துவிட்டேன்.]

உண்மை தக்காளியில் வந்தது.

வேலை முடிந்து வரும்போது நல்ல பழமாக ஒரு கிலோ தக்காளி வாங்கி வரப் பரணியிடம் சொல்லியிருந்தேன். பையைக் கவிழ்த்தால் பாதி காய்.

"என்னப்பு, இம்புட்டும் காயா இருக்கு?"

"அமுக்கிப் பாத்துத்தான்க்கா எடுப்பேன். கடைக்காரரு அமுக்காதன்னு வைஞ்சுட்டாரு."

"அதை எதுக்கு அமுக்கணும்? பாத்தாலே தெரியாதா?"

பரணி ஒரு காயையும் ஒரு பழத்தையும் எடுத்து இரண்டு உள்ளங்கையிலும் வைத்துக்கொண்டு நின்றான். எது பச்சை, எது சிவப்பு என்று அவனுக்குத் தெரியவில்லை என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

அவன் அப்பாவுக்குச் சின்னாளபட்டியில் சாயப்பட்டறை. சுங்குடிச் சேலைக்குச் சாயம் ஏற்றும் வேலை. பதினைந்து வயதில், சிவப்புத் தொட்டிக்குப் போக வேண்டிய சேலைக் கட்டைப் பச்சைத் தொட்டியில் முக்கிவிட்டான். கவனம் இல்லாத பயல் என்று பெயர் வந்தது. அந்தப் பெயரே பரவாயில்லை என்று பேசாமல் இருந்துவிட்டு, கம்ப்யூட்டர்தான் படிப்பேன் என்று அடம்பிடித்தான். கறுப்புத் திரை, வெள்ளை எழுத்து. ஒவ்வொரு வரியின் தொடக்கத்திலும் அந்தப் பெட்டியே தன் பெயரைச் சொல்லும். அதைப் படித்துவிட்டுத்தான் விரலை வைப்பான். கனகா நிறம் பூசும் வரை ஒரு தப்புகூடச் செய்ததில்லை. அன்று அவள் பெட்டியின் பெயரைச் சொல்லாமல் பச்சை என்று மட்டும் சொன்னாள். எந்த நிறம் எந்தப் பெட்டிக்கு என்பது அவன் மனதில் நின்றதே இல்லை. எது என்று திருப்பிக் கேட்டால் தெரிந்துவிடும். அவனாக ஒரு சன்னலைப் பச்சை என்று முடிவு செய்துகொண்டான்.

"அவகிட்ட சொல்லிராதீங்கக்கா. நானே சொல்றேன்."

"எப்ப?"

"சொல்றேன்."

5

ஏன் சொல்லவில்லை என்பதைச் சொன்னால்தான் நீங்கள் அவனை மன்னிப்பீர்கள்.

தரகர் கொண்டுவந்த வரன். பெண் பார்க்கப் போன அன்று கனகா சுங்குடிச் சேலை கட்டியிருந்தாள். மாப்பிள்ளை வீட்டார் சுங்குடிக்காரர்கள் என்பதால், அவள் அத்தை சும்மா சீண்டினார்: "மாப்பிள்ளை, சேலை கலர் எப்படி இருக்கு?" பரணி, "சிவப்பு எடுப்பா இருக்கு" என்றான். சேலை பச்சை. வீடே சிரித்தது. இறுகிப்போய் உட்கார்ந்திருந்த கனகாவும் சிரித்தாள். அந்தப் பகடிக்காகத்தான் சம்மதித்தேன் என்று இன்றுவரை எல்லோரிடமும் சொல்கிறாள். என்னிடமே நான்கு தடவை சொல்லியிருக்கிறாள்.

சொன்னால் அந்தப் பகடி போய்விடும். சொல்லாவிட்டால் வேலை போய்விடும். இதற்கு நடுவில் மூன்று தீபாவளிக்கு, "ரெண்டுல எது நல்லாருக்கு?" என்று அவள் சேலையை நீட்ட, "ரெண்டுமே" என்று அவன் சொல்ல, "என்னைப் பாக்குறதே இல்ல" என்று அவள் அழுதிருக்கிறாள்.

முடிவு ஒன்று: நான் கனகாவிடம் சொல்லிவிடுகிறேன். (வாக்கு கொடுத்திருக்கிறேன். முடியாது.)

முடிவு இரண்டு: கனகா தானாகக் கண்டுபிடித்து, கண்ணீரோடு அவன் மார்பில்

இல்லை. என் வாசகிகளுக்கு இது பிடிக்கும், எனக்கும் பிடிக்கும். ஆனால் இதில் பரணி வாயே திறக்க வேண்டியதில்லை. அவன் வாயால் வரவேண்டியதை மனைவியின் கண்ணீரால் வாங்கிக் கொடுக்க மாட்டேன்.

முடிவு மூன்றை நான் எழுதவில்லை, பார்த்தேன். அவன் பேசி முடிக்கும் இடத்தில் என் பேனாவும் நின்றுவிடும். கனகா என்ன பதில் சொன்னாள் என்பது எனக்குத் தெரியும். அதை உங்களிடம் விடுகிறேன். நீங்கள் கனகாவாக இருந்து சொல்லிக்கொள்ளுங்கள்.

6

சனிக்கிழமை. மாதாந்திரப் பராமரிப்புக்காகக் காலை ஒன்பது மணிக்கே மின்சாரத்தை நிறுத்திவிட்டார்கள். என் வீட்டில் இன்வெர்ட்டர் உண்டு. இருவரும் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு கீழே வந்து என் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்தார்கள். நான்கு மணிக்குள் கையூமுக்குப் பதில் போக வேண்டும். புதிய மென்பொருள் திரையில் திறந்திருந்தது. பக்கத்தில் கனகா விதி எழுதிக்கொண்டிருந்தாள். விதி ஒன்று: சிவப்பு டேப்பைத் தொடக் கூடாது. விதி இரண்டு: பச்சையில் மட்டும்

"செத்த நேரம் சாப்பிட்டுட்டுப் பாருங்களேன். வெஞ்சனம் ஆறிப்போகுது" என்றேன்.

"இத முடிச்சுட்டு வாரேன்க்கா." கனகா லேப்டாப்பைப் பரணி பக்கம் திருப்பினாள். "இந்தாங்க. ஒரே ஒரு சோதனை. இந்த ரெண்டு டேப்புல சோதனைப் பெட்டி எது? தொடுங்க."

பரணி பார்த்தான். டேப்பில் பெயர் இல்லை, நிறம் மட்டும்தான் இருந்தது. அவன் கை மவுஸ் வரை போய், நின்றது. என்னைப் பார்த்தான். நான் ரசத்தைப் பார்த்தேன்.

"என்ன யோசனை? சின்னப் புள்ளகூட சொல்லிரும்."

"செத்த பொறு."

"பொண்ணு பாக்க வந்த அன்னைக்கு மாதிரி காமெடி பண்ணாதீங்க. நாலு மணிக்கு மெயில் போகணும்."

பரணி மவுஸை விட்டுவிட்டு இரண்டு கைகளையும் மேசை மேல் வைத்தான். தக்காளியை ஏந்தி நின்றானே, அதே மாதிரி உள்ளங்கை மேலே பார்த்திருந்தது.

"அது காமெடி இல்ல, கனகா."

"எது?"

"அந்தச் சேலை. அன்னைக்கு எனக்கு நெஜமாவே சிவப்பாத்தான் தெரிஞ்சுச்சு. இன்னைக்கு இதுவும் அப்படித்தான், ரெண்டும் ஒண்ணாத்தான் தெரியுது. செம்பட்டியிலயும் அப்படித்தான்."

கனகா லேப்டாப்பைத் தன் பக்கம் திருப்பி இரண்டு டேப்பையும் பார்த்தாள்.

"நீ சொன்ன மென்பொருளே இருக்கட்டும். ஒட்டுறதுக்கு முன்னால கேக்குது, நல்லதுதான். புட்டிய விட்டுர்றேன். ஆனா ஒவ்வொரு டேப்புலயும் பெருசா பேர எழுதி வை. தீவாளிக்குக் காட்டுற சேலைக்கும் அப்படி ஒரு பேர் வச்சுட்டுக் கேளு." இத்தனை வருடம் மனதுக்குள் சொல்லிப் பார்த்து வைத்திருந்த வாக்கியம்போல் நிதானமாக வந்தது. "இனிமே எனக்குக் கலர் சொல்லாத, கனகா. பேரைச் சொல்லு."