அவரைக்கா அம்மாவின் நெத்தி

எம் பொண்ணு ரூபினி காலேஜ் மியூசியத்துக்கு ஹெட் ஆனதும் நான் பண்ண அலட்டல் எங்க ஏரியா தொம்மலூர்ல பால் பாக்கெட் போடறவர் வரைக்கும் தெரியும். மியூசியம்னா எலும்புக்கூடு இருக்குமான்னு எதிர் வீட்ல கேட்டாங்க. எலும்புக்கூடெல்லாம் உங்க வீட்ல இருக்கட்டும், எம் பொண்ணுது பெயின்டிங் மியூசியம்னு சொன்னேன். பிரேசர் டவுன் பக்கத்துல காலேஜுக்குன்னு ஒரு பழைய பங்களா இருக்கு, அதுல பூரா படங்க. படம் மாட்டுறது, வர்றவங்களுக்கு விளக்கிச் சொல்றது, எதை வெக்கலாம் எது வேணாம்னு முடிவு பண்றது எல்லாமே படிக்கிற பசங்கதான். நிருபமா மேடம்னு ஒரு புரொபசர் மேல இருந்து பாத்துக்குவாங்க. இந்த வருஷம் மொதல் தடவையா பசங்களே முழுசா ஒரு கண்காட்சி வெக்கிறாங்க, அதுக்கு எம் பொண்ணு தலைவி. வீட்ல குடிச்ச டம்ளரைக் கழுவி வெக்காதவ அங்க அத்தனை பேரையும் வேலை வாங்குறா.

இதை நல்லபடியா முடிச்சா டெல்லியில ஒரு பெரிய மியூசியத்துல போய் வேலை கத்துக்க மேடம் சிபாரிசு பண்றதா சொல்லியிருந்தாங்க. நான் அதுக்கு ஸ்வெட்டர் கூடப் பாத்து வெச்சிட்டேன்.

நடுவுல ஆயுத பூஜை வந்துச்சு. அன்னிக்கு எங்க பெங்களூர்ல பி.எம்.டி.சி. பஸ்ல இருந்து லிஃப்ட் வரைக்கும் பொட்டு இல்லாத இரும்பு கிடையாது. பசங்களும் மியூசியத்து வேலை ரூம்ல பூஜை போட்டாங்க, நான்தான் சுண்டல் பண்ணிக் குடுத்தனுப்பினேன். கவின்னு ஒரு பையன், ரூபினிக்கு ஒரு வருஷம் ஜூனியர், தர்மபுரிக்காரன், அப்பா லேத் பட்டறை வெச்சிருக்காரு. பட்டறை வீட்டுப் புள்ளைக்கு அன்னிக்குக் கை சும்மா இருக்குமா? ஏணி, டிரில்லிங் மெஷின், சுத்தியல், லைட் ஸ்டாண்டு, காபி மெஷின், கடைசியா மேடத்தோட ஸ்கூட்டர், ஒண்ணு விடாம சந்தனத்தையும் குங்குமத்தையும் அப்பிட்டான். எல்லாரும் சிரிச்சிக்கிட்டே போட்டோ எடுத்திருக்காங்க.

லீவு முடிஞ்சு ரூமைத் திறந்தா, ஃபிரேம் போடறதுக்காகக் கண்ணாடி இல்லாம மேஜை மேல வெச்சிருந்த ஒரு பொம்பளை படத்துல, நெத்தியில பொட்டு. பேப்பர்ல வாட்டர் கலர்ல வரைஞ்ச படம். தொடைச்சா படமே போயிடும், விட்டா குங்குமம் ஊறிக்கிட்டே போகுமாம்.

ரூபினி அன்னிக்கு வந்து சோறு வேணாம்னு படுத்துட்டா. விஷயத்தைப் பிடுங்கிப் பிடுங்கித்தான் வாங்கினேன். மேடம் கேட்டதுக்கு அந்தக் கவின், அத்தனைக்கும் வெச்சேன், இதுக்கு வெச்ச மாதிரி ஞாபகம் இல்ல, ஆனா நான்தான் வெச்சிருக்கணும்னு சொன்னானாம். மேடம் கோவமா எதுவும் பேசலையாம். இது பசங்க நடத்துற இடம், முடிவையும் பசங்கதான் எடுக்கணும்னு சொல்லிட்டாங்க. கவினை டீம்ல இருந்து நீக்கிட்டதா பிரின்சிபாலுக்கு ஒரு லெட்டர் போகணும், அதுல ஹெட் கையெழுத்துப் போடணும், வெள்ளிக்கிழமைக்குள்ள.

போட்டுட்டு வர வேண்டியதுதானேன்னேன். அவ சுவத்தைப் பாத்துத் திரும்பிப் படுத்துக்கிட்டா.

பையன் பண்ணின வேலைக்கு எம் பொண்ணு தலையில விடியப்போகுதுன்னு எனக்குப் பயம். அடுத்த நாள் நான் வேலை பாக்குற பல் டாக்டர் கிளினிக்ல அரை நாள் லீவு சொல்லிட்டு, அவ வேணாம் வேணாம்னு சொல்லச் சொல்ல, கூடவே கிளம்பிட்டேன்.

மேடம் ரூமுக்குள்ள போனதும் பிடிச்சேன் பாருங்க. எம் பொண்ணு ராப்பகல் பாக்காம உழைச்சிருக்கா, எவனோ மூளை இல்லாம பொட்டு வெச்சதுக்கு அவ எப்படிப் பொறுப்பாவான்னு, மூச்சு விடாம பேசினேன். மேடம் நல்ல மாதிரி. ரூபினி மேல யாரும் குறை சொல்லலைங்கன்னு சொல்லி, தண்ணி குடுத்து, வேலை ரூமுக்குக் கூட்டிக்கிட்டுப் போய்ப் படத்தைக் காட்டினாங்க.

ஒரு பொம்பளை ஜன்னல்கிட்ட உக்காந்து அவரைக்கா உரிக்கிறா. மடி நிறைய தோலு. ஆனா கண்ணு அவரைக்காயில இல்ல, என்ன பாக்குறேங்கற மாதிரி நேரா நம்மளைப் பாக்குது. பசங்க அவளுக்கு அவரைக்கா அம்மான்னே பேரு வெச்சிட்டாங்களாம். இந்தக் காலேஜ்ல அந்தக் காலத்துல இருந்த டிராயிங் வாத்தியார், புருஷன் செத்துப்போன தன்னோட அக்காவை வரைஞ்சதாம். ஒரு பொட்டாவது வெச்சு வரையேன்னு சொந்தக்காரங்க எல்லாம் கெஞ்சினாங்களாம். அவ எப்படி இருக்காளோ அப்படித்தான் வரைவேன்னு சொல்லிட்டாராம். அந்த வெறும் நெத்திதாங்க இந்தப் படம், இதைப் போஸ்டருக்கு எடுத்ததே ரூபினிதான்னு மேடம் சொன்னாங்க.

நான் நெத்தியைப் பாத்தேன். அடியில கடுகளவு சந்தனம். மேல குங்குமம், வட்டமா இல்லாம மெல்லிசா விளக்குத் திரி மாதிரி ஒரு இழுப்பு. நுனி கொஞ்சம் ஒரு பக்கமா சாய்ஞ்சிருந்துச்சு.

பக்கத்துலயே ஏணி நின்னுச்சு. அதுல கவின் வெச்சது அப்படியே இருந்துச்சு, மூணு விரலால இழுத்த சந்தனம், நடுவுல கட்டை விரலால அமுக்கின பெரிய வட்டம். ரெண்டுக்கும் சம்பந்தமே இல்ல. மேடத்துக்கு அது தெரியல. எனக்குத் தெரியாம இருக்குமா? அந்தச் சாய்ஞ்ச நுனியை நான் தினமும் காலையில கண்ணாடியில பாத்து நேராக்கிக்கிட்டுத்தானே பஸ் ஏறுறேன். ரூபினிக்கு இடது கைப் பழக்கம்.

அவங்கப்பா நாலு வருஷம் முன்னாடி நெஞ்சு வலியில போயிட்டாரு. பத்தாம் நாள் என் நாத்தனார் வந்து என் பொட்டை அழிச்சா. நான் திரும்ப வேலைக்குக் கிளம்பின அன்னிக்கு இந்தப் பொண்ணு குங்குமச் சிமிழோட வந்து நின்னு, ஒரு வார்த்தை கேக்காம வெச்சு விட்டுச்சு. ஊர் என்னடி சொல்லும்னேன். ஊர் வந்து நமக்கு இட்லி சுட்டுத் தருதான்னா. எனக்கு ஒரே பெருமை. அன்னிலேர்ந்து தினமும் அவதான் வெக்கிறா.

மேடம் ஏதோ பேசிக்கிட்டே இருந்தாங்க. நான் வரேங்கன்னு மட்டும் சொன்னேன். ரூபினி படத்தைப் பாக்கல, என் நெத்தியையே பாத்துக்கிட்டு நின்னா. வெளிய படிக்கட்டுல ஒல்லியா ஒரு பையன் உக்காந்து உள்ளங்கையைத் திருப்பித் திருப்பிப் பாத்துக்கிட்டு இருந்தான். அவன்தான் கவின்னு கேக்காமலே தெரிஞ்சுது.

ரெண்டு பேரும் பஸ் ஏறினோம். பொய் சொல்ல மாட்டேன், வாயை மூடிக்கிட்டா யாருக்குத் தெரியப்போகுதுன்னு எனக்கும் தோணுச்சு. டெல்லி, ஸ்வெட்டர் எல்லாம் கண்ணு முன்னாடி வந்துச்சு. அந்தப் பையன் கையைப் பாத்துக்கிட்டு உக்காந்திருந்ததும் கூடவே வந்துச்சு.

வீட்டுக்கு வந்து செருப்பைக் கழட்டறதுக்குள்ள அவளே அழுதுட்டா. எல்லாரும் சுண்டல் சாப்பிட வெளிய போயிட்டாங்களாம், பூட்டிட்டு வரலாம்னு இவ மட்டும் நின்னிருக்கா, குங்குமத் தட்டு மேஜை மேல இருந்துச்சாம். அந்த அவரைக்கா அம்மாவைப் பாத்தா உன்னை மாதிரியே இருந்துச்சும்மா, அந்த நெத்தியைப் பாக்க முடியலன்னா. படத்தைத் தொடாதே, மூச்சு கூடப் படக்கூடாதுன்னு ஊருக்கே பாடம் எடுக்கிறவ. சரி, அது ஒரு நிமிஷத்துப் பைத்தியம்னு விட்டுடலாம். அதுக்கப்புறம் சொன்னா பாருங்க, கவினே ஒத்துக்கிட்டானேம்மான்னு.

"அவன் ஒத்துக்கலடி, நீ சும்மா இருந்ததுல குழம்பிப் போயிருக்கான்"னேன்.

"உனக்காகத்தானேம்மா..."

"எனக்காகவா? என் நெத்தியில வெச்சியே, என்னைக் கேட்டியா? கேக்கல. போகட்டும், எனக்குக் கை இருக்கு, வேணாம்னா நானே அழிச்சுக்குவேன். படத்துல இருக்கிறவளுக்கு அழிச்சுக்கக் கை எங்கடி இருக்கு?"

நான் அடுப்படிக்குப் போயிட்டேன். அவ விசும்புறது ரொம்ப நேரம் கேட்டுச்சு, கிட்டப் போய்த் தலையைத் தடவணும்னு தவிச்சேன், போகல.

காலையில வழக்கம் போல சிமிழோட வந்து நின்னா. மோதிர விரல்ல குங்குமத்தைத் தொட்டுட்டு, கையை அப்படியே நிறுத்தினா.

"வெக்கட்டுமாம்மா?"

நாலு வருஷத்துல அவ கேட்டதே இல்ல. நான் சிமிழை வாங்கி ஷெல்ஃப்ல வெச்சேன். மொதல்ல போய்ச் சொல்லிட்டு வா, அப்புறம் பாக்கலாம்னேன். விரல்ல இருந்த குங்குமத்தை எங்க தொடைக்கறதுன்னு தெரியாம அப்படியே பையை மாட்டிக்கிட்டுப் போனா.

சாயந்தரம் வந்து எல்லாத்தையும் சொன்னா. ஹெட் பதவி போச்சு. டெல்லிப் பேச்சை மேடம் எடுக்கவே இல்லையாம். படத்தைச் சரி பண்ண மைசூர்ல இருந்து ஒருத்தர் வர்றாராம், ஆனாலும் லேசா செகப்பு தங்கிடும்னு போன்லயே சொல்லிட்டாராம். டீம் முன்னாடி நின்னு கவின்கிட்ட மன்னிப்புக் கேட்டிருக்கா. பரவால்ல அக்கான்னானாம். அப்புறம், ஹாஸ்டல்ல சோறு பிசையறப்ப கூட இந்தக் கைதானேன்னு பாத்துக்கிட்டே இருந்தேன் அக்கா, பூஜை போட்டதையே நான் வீட்ல சொல்லல, இனிமே எங்க பட்டறைக்குக் கூடப் பொட்டு வெக்க மாட்டேன்னு சொல்லிட்டு ஏணியைத் தூக்கிக்கிட்டுப் போயிட்டானாம். இதைச் சொல்றப்ப அவ அழல. அழுதிருந்தா எனக்குக் கொஞ்சம் தேவலையா இருந்திருக்கும்.

மறுநாள் அவ சிமிழைத் தொடாம, வரேம்மான்னு சொல்லிட்டுச் சீக்கிரமே கிளம்பிட்டா. படம் மாட்ட ஆள் வேணும், ஹெட்டா இல்லன்னாலும் போகணுமாம். நான் சிமிழைத் திறந்து கையில வெச்சுக்கிட்டுக் கண்ணாடி முன்னாடி நின்னேன். எம் பொட்டை அழிச்சது ஒருத்தி, வெச்சது ஒருத்தி. எனக்கு இது வேணுமா வேணாமான்னு நான் யோசிச்சதே இல்லைங்கறது அன்னிக்குத்தான் எனக்கு உறைச்சுது. வெளிய நான் தினமும் ஏறுற பஸ் ஹாரன் அடிச்சுது. அது போற வரைக்கும் நான் அங்கயே நின்னுக்கிட்டு இருந்தேன்.