கோழிக்கடைப் பொருத்தம்

கோவில்பட்டியில் தீப்பெட்டிக் கம்பெனி வைத்திருந்த மந்திரமூர்த்திக்கு ஜாதகம் பார்க்கத் தெரியாது. ஆனாலும் தங்கை மகன் பூவனநாதனுக்கு வந்த ஜாதகங்களை எல்லாம் அவர்தான் பார்த்தார். ராசி, நட்சத்திரம், செவ்வாய் தோஷம் எல்லாவற்றையும் தாண்டி அவர் கண் நேராக விலாசத்துக்குப் போகும். பெண் எந்த ஊர்? அந்த ஊரிலோ போகிற வழியிலோ கோழியைக் கம்பியில் குத்திச் சுட்டுக் கொடுக்கும் கடை உண்டா? உண்டென்றால் பத்துப் பொருத்தமும் பேஷ். இல்லையென்றால் பெண் மூல நட்சத்திரம்.

இரண்டாயிரம் பிறந்த கையோடு நம் பக்கத்து பைபாஸ் ரோட்டோரமெல்லாம் கண்ணாடிப் பெட்டிக்குள் கோழிகள் தலையில்லாமல் ராட்டினம் சுற்றத் தொடங்கின. அன்றைக்குப் பிடித்தது மனிதருக்குக் கிறுக்கு. எந்தக் கடையில் தொலி முறுகலாக வரும், எந்தக் கடையில் வெள்ளைச் சட்னியைக் கேட்டால்தான் தருவான் என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். ஆனால் வெறும் கோழி தின்பதற்கென்று கார் எடுத்தால் ஊர் சிரிக்கும், வீட்டில் பெண்டாட்டி விளக்குமாற்றைத் தேடுவாள். பெண் பார்க்க என்று எடுத்தால் அதே ஊர் வாழ்த்தி அனுப்பும். பெண்டாட்டியே திருநீறு பூசிவிடுவாள்.

பூவனநாதனுக்கு அப்பா இல்லை. மெயின் பஜாரில் பெயிண்ட் கடை, நல்ல வியாபாரம், முப்பத்து மூன்று வயது, முன்மண்டையில் முடி விடைபெற ஆரம்பித்திருந்தது. அவன் அம்மா வேலுத்தாய்க்கு அண்ணன் சொன்னதுதான் வேதம். "அண்ணன் பாத்துக்கிடுவாவ" என்று சொல்லிச் சொல்லியே மகனை அரைக்கிழவன் ஆக்கிக்கொண்டிருந்தாள்.

நம் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. பெண் பார்க்கப் போகிற வீட்டில் மிக்சரைக் கொறிக்கலாம், காபி குடிக்கலாம். சாப்பாட்டில் கை நனைக்கக் கூடாது. நனைத்தால் சம்பந்தம் முடிந்தது என்று அர்த்தம், அதிலும் கறி தின்றுவிட்டால் அப்புறம் பேச்சே இல்லை. மந்திரமூர்த்தி இந்த வழக்கத்தைத் தாய்ப்பாசத்தோடு காப்பாற்றினார். பெண் வீட்டில் எத்தனை தடவை கூப்பிட்டாலும் கையெடுத்துக் கும்பிட்டு, "முறைன்னு ஒண்ணு இருக்குல்லா" என்பார். முறை முடிந்த அரைமணி நேரத்தில் கார் கோழிக்கடை வாசலில் நிற்கும்.

சம்பந்தம் முடிந்துவிட்டால் பயணம் முடிந்துவிடுமே! அதனால் எந்தப் பெண்ணும் தேறவில்லை. சாத்தூர்ப் பெண் வீட்டில் கிணறு தென்மேற்கில் இருந்தது. விருதுநகர்ப் பெண் சிரித்துவிட்டாள். புதியம்புத்தூர்ப் பெண் பூங்கொடி தையல் மெஷின் மிதிக்கிறவள்; "நாளைக்குக் காலு வீங்கிப்போகும்" என்றார் மாமா. வேண்டாம் என்றும் சொல்ல மாட்டார். "கலந்து பேசிட்டுச் சொல்லுதோம்" என்பதோடு சரி. பட்டுச்சேலையும் மல்லிகைப்பூவுமாக வந்து நின்ற பிள்ளைகள் தபால்காரனைப் பார்த்துப் பார்த்து மாதக்கணக்கில் வாடின. நினைத்தால் வயிறு எரிகிறது. அவருக்கோ வயிறு நிறைந்திருந்தது.

ஒருமுறை காரில் திரும்பும்போது, "எப்படிலே இருந்துச்சு?" என்று கேட்டார். பூவனநாதன் வெட்கப்பட்டு, "நல்ல பொண்ணாத்தான் தெரியுது மாமா" என்றான்.

"நான் கோழியக் கேட்டேன்" என்றார் மாமா.

இந்த லட்சணத்தில் திருநெல்வேலியில் புதிதாகப் பார்பிக்யூ ஓட்டல் ஒன்று திறந்தார்கள். மேஜையின் நடுவில் குழி, குழிக்குள் கரி நெருப்பு, கம்பியை நாமே திருப்பித் திருப்பிச் சுட்டுத் தின்ன வேண்டும். ஊருக்கெல்லாம் தீக்குச்சி செய்து கொடுக்கிறவருக்கு, மேஜை மேல் நெருப்பு என்றதும் தூக்கம் போய்விட்டது. திருநெல்வேலி ரோட்டில் பெண் வேண்டும் என்று தரகரை அரித்தெடுத்தார். கயத்தாற்றில் கரி வியாபாரி சங்கரபாண்டியின் மகள் காளீஸ்வரி ஜாதகம் வந்தது.

"கயத்தாறா? வழிதானே. இதைவிடப் பொருத்தம் எங்கன கிடைக்கும்?" என்றவர், ஓட்டலுக்குப் போன் போட்டு ஞாயிற்றுக்கிழமை மத்தியானத்துக்கு மேஜை பிடித்தார். பிறகுதான் பெண் வீட்டுக்குத் தகவல் போனது.

ஞாயிற்றுக்கிழமை காரில் ஏறும்போதே உத்தரவு. "பொண்ணு வீட்ல அரைமணி நேரந்தான். யாரும் மிக்சர்ல கை வைக்காதீங்க, வயிறு மந்தமாயிரும்."

காளீஸ்வரி காபித் தட்டோடு வந்தாள். குனிந்த தலையாக நிற்காமல் பூவனநாதனை நேராக ஒரு பார்வை பார்த்துவிட்டு, "சீனி போதுமா?" என்று கேட்டாள். இத்தனை வீடு ஏறி இறங்கியவனை ஒரு பெண் ஒரு வார்த்தை கேட்டது அன்றைக்குத்தான். போதும் என்று சொல்லவும் மறந்து தலையாட்டினான். இவள் கையைவிட்டுப் போய்விடக் கூடாதே என்று மனசுக்குள் வேண்டிக்கொண்டான். பக்கத்தில் மாமா கடிகாரத்தைப் பார்த்தார்.

"கிணறு எந்த மூலையில இருக்குன்னு பாத்துட்டு வாரேன்" என்று எழுந்து புறவாசலுக்குப் போனார். அதுதான் அவர் வழக்கம். கிணற்றிலோ கூரையிலோ ஒரு குற்றம் கண்டுபிடித்துவிட்டால் கிளம்பிவிடலாம்.

கிணறு இருந்தது. அவர் அதைப் பார்க்கவில்லை. வேலிக்கருவைக் கரி கனகனவென்று கனிந்த அடுப்பில், இரண்டு கல்லுக்கு நடுவே ஒரு முழு நாட்டுக்கோழி கம்பியில் கிடந்தது. நெய் சொட்டச் சொட்டக் கரி சீறியது. காளீஸ்வரியின் சித்தி செண்பகவல்லி முக்காலியில் உட்கார்ந்து அதைத் திருப்பிக்கொண்டிருந்தாள்.

"வாங்க அண்ணாச்சி. கிணறு அங்கன இருக்கு."

"இருக்கட்டும். இது என்ன மசாலா?" என்றார், அவள் முகத்தைப் பார்க்காமல் கோழியையே பார்த்து.

"மசாலா என்னத்த மசாலா? வத்தலும் பூண்டும் உப்பும் அரைச்சு ராத்திரியே தடவுனது. உப்பு பிடிச்சுருக்கான்னுதான் தெரியல. நான் ஞாயித்துக்கிழமை விரதம். யாராவது வாயில போட்டுப் பாத்துச் சொன்னாத் தேவலை."

மந்திரமூர்த்தி சுற்றுமுற்றும் பார்த்தார். ஒரு துணுக்கைப் பிய்த்தார். உப்பு சரியாக இருக்கிற மாதிரிதான் இருந்தது, உறுதி செய்ய ஒரு றெக்கையைப் பிய்த்தார். றெக்கை சொன்னதை நம்பாமல் தொடைக்குப் போனார். நீதிமான் தீர விசாரித்தார். கடைசியில் கம்பியில் கழுத்தெலும்பு மட்டும் தொங்கியது.

செண்பகவல்லி நிதானமாக எழுந்து உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தாள். "அத்தான்! அக்கா! எல்லாரும் இங்கன வாங்க. மாப்பிள்ளைக்கு மாமா நம்ம வீட்ல கறி சாப்பிட்டுட்டாவ!"

சொல்லிவிட்டு ஒரு குலவை போட்டாள். அடுத்த வீட்டுச் சுவருக்கு மேல் நாலு தலை தெரிந்தது, அதுகளும் குலவை போட்டன. சங்கரபாண்டி ஓடி வந்தார். வேலுத்தாய் அண்ணன் கையிலிருந்த எலும்பையும், உதட்டில் மினுங்கிய எண்ணெயையும் பார்த்து வாயைப் பொத்திக்கொண்டாள்.

"நான் ருசிதான் பாத்தேன்" என்றார் மந்திரமூர்த்தி.

"முழுக் கோழியில ருசி பாக்கத இன்னைக்குத்தான் பாக்குதேன்" என்றாள் செண்பகவல்லி. "பூங்கொடி என் மகதான் அண்ணாச்சி. ஞாபகம் இருக்கா, புதியம்புத்தூரு? அன்னைக்கு நான் கூப்பிடக் கூப்பிட முறை பேசிட்டு, நேரே போயிக் கோழிக்கடையில உக்காந்தீங்கன்னு தரகரு சொன்னாரு. ஒரு பதிலு போடல. அவ அந்தப் பச்சைச் சேலையை அதுக்கப்புறம் கட்டவே இல்ல. இப்ப வேற இடத்துல நல்லாத்தான் வாழுதா. ஆனா நான் மறக்கல. பையன் மேல கோளாறு இல்ல, மாமன் வயித்துலதான் கோளாறுன்னு அன்னைக்கே தெரிஞ்சுக்கிட்டேன்."

மந்திரமூர்த்தி எலும்பைக் கீழே போட்டார். வேட்டியில் கையைத் துடைத்தார். தீப்பெட்டி முதலாளியின் மரியாதை எல்லாம் திரும்பி வந்தது. "சோறு திங்கலையே? இதெல்லாம் முறையில சேராது. வேலுத்தாய், கிளம்பு. ஏலே, காரை எடுக்கச் சொல்லு."

சங்கரபாண்டியின் முகம் செத்துவிட்டது. ஊர் பார்க்கக் குலவை போட்ட பிறகு இவர்கள் எழுந்து போனால், அந்த வாசலுக்கு இன்னொருத்தன் வருவானா? வேலுத்தாய் வழக்கம்போல அண்ணனையும் மகனையும் மாறி மாறிப் பார்த்தாள்.

பூவனநாதன் கார் பக்கம் போகவில்லை. புறவாசல் படியிறங்கி வந்து, அடுப்புக்கு எதிரே வெறுந்தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தான்.

"அத்தை, எனக்குச் சோறு போடுங்க" என்றான் செண்பகவல்லியிடம்.

"ஏலே!" என்றார் மாமா.

"நீங்க ஓட்டலுக்குப் போங்க மாமா. மேஜை காத்துக்கிடக்கும்."

காளீஸ்வரி இலையோடு வந்தாள். விரித்துத் தண்ணீர் தெளித்தாள். சோறும் கத்திரிக்காய்க் குழம்பும் வைத்துவிட்டு, அகப்பையைக் கீழே வைக்காமலே கேட்டாள்.

"ஒண்ணு மட்டும் சொல்லுங்க. என்னையப் பிடிச்சு உக்காந்தீங்களா, கோழியப் பிடிச்சு உக்காந்தீங்களா?"

பூவனநாதன் கம்பியில் தொங்கிய கழுத்தெலும்பைக் காட்டினான்.

"கோழிய மாமா தீத்துட்டாரு. அதைப் பாத்துட்டுத்தான் உக்காந்தேன்" என்று சொல்லிச் சோற்றில் கை வைத்தான்.