அது மழையில்லை

பல் டாக்டருக்கு வண்டி ஓட்டக் கற்றுக்கொடுப்பதைவிட அவரிடம் பல்லைப் பிடுங்கிக்கொள்வது சுலபம். கிளட்சை விடச் சொன்னால் ஸ்டியரிங்கையும் சேர்த்து விட்டுவிடுவார். நான் கத்துவேன். கத்தினால்தான் மண்டையில் ஏறும் என்பது என் கட்சி. ஓட்டுநர் பயிற்சிப் பள்ளியில் எனக்கு ‘பிரேக் அக்கா’ என்று பெயர். நான் உட்காரும் பக்கமும் ஒரு பிரேக் இருப்பது மட்டும் அதற்குக் காரணமில்லை.

அன்று காலை டாக்டர் தன் போனை வண்டியின் ஸ்பீக்கரோடு இணைத்தார்.

"பாட்டு ஓடினா எனக்குப் பதட்டம் குறையும்க்கா. புது ஆல்பம். ஒரு பொண்ணு, தனியாளா, வீட்டுலயே உக்காந்து பண்ணியிருக்கா. அதுல அஞ்சாவது பாட்டக் கேட்டா அன்னிக்குத் தூக்கம் போச்சு."

அந்தப் பெண் என் தங்கை. நான் வாயைத் திறக்கவில்லை. சொன்னால் ரோட்டைப் பார்ப்பதை விட்டுவிட்டு என்னைப் பார்ப்பார். ஆல்பம் வந்தவுடனே எனக்கும் அனுப்பியிருந்தாள். முதல் பாட்டைப் பாதி கேட்டு, "நல்லா இருக்கு" என்று பதில் போட்டதோடு சரி.

ஐந்தாவது பாட்டு ஆரம்பித்தது. கிதாரில் ஒற்றைக் கம்பி. மேலே அவள் குரல், தனக்குள் பேசிக்கொள்வது போல. அடியில் தண்ணீர் கொட்டிக்கொண்டே இருந்தது. தண்ணீருக்குப் பின்னால் எங்கோ ஒரு பெண் அழுதாள். அழகாக அழவில்லை. வாயில் துண்டை அடைத்துக்கொண்டு, அதையும் மீறிக்கொண்டு வருகிற அழுகை. நடுநடுவே, "நண்டு... என் நண்டு..."

"இந்த மழைச் சத்தம் இருக்கு பாருங்க, அதுதான்க்கா ஆளக் கொல்லுது" என்றார் டாக்டர். "நண்டுன்னா என்னன்னு ஆளாளுக்கு ஒண்ணு எழுதுறாங்க."

என் கால் என்னைக் கேட்காமலே பிரேக்கை மிதித்தது. வண்டி நடுரோட்டில் நின்றது. பின்னால் வந்தவன் ஹாரனிலேயே என் வம்சத்தைத் திட்டினான்.

"நான் என்னக்கா தப்பு பண்ணேன்?" என்றார் டாக்டர், பாவம்.

அது மழையில்லை. எங்கள் வீட்டுக் குளியலறைக் குழாய். அழுவது நான்.

போன வருஷம், ஏழாம் மாதத்தில், என் குழந்தை வயிற்றிலேயே போய்விட்டது. உள்ளே அது எப்போதும் பக்கவாட்டில்தான் நகரும். அதனால் நண்டு என்று கூப்பிடுவேன். வாய்விட்டு அல்ல, எனக்குள். கணவரிடம்கூடச் சொன்னதில்லை. பிறந்த பிறகு சொல்லிச் சிரிக்கலாம் என்று வைத்திருந்தேன். போன பிறகு எல்லாரும் வந்தார்கள். "விடு, அடுத்தது நல்லபடியா பொறக்கும்" என்றார்கள், ஏதோ நான் பஸ்ஸைத் தவறவிட்டது போல. நான் யார் முன்னாலும் அழுகிற ஆள் இல்லை. சின்ன வயதில் தங்கைக்கு வீட்டில் ‘சிணுங்கி’ என்று பெயர், எனக்குக் ‘கல்லுளிமங்கி’. கணவர் வேலைக்குக் கிளம்பியதும் குளியலறைக்குள் போய்க் குழாயை முழுதாகத் திறந்துவிட்டு அழுவேன். குழாய் ஓடினால் வெளியே கேட்காது என்று நம்பினேன்.

அப்போது சிணுங்கி எங்கள் வீட்டில்தான் தங்கியிருந்தாள். அவளுக்குக் கொடுத்திருந்த அறையில் ரோட்டுச் சத்தம். அதனால் எங்கள் பின்னறைத் துணி அலமாரிக்குள் மைக்கை நிறுத்தி, உள்ளேயே உட்கார்ந்து பாடினாள். "துணிங்க எதிரொலியக் குடிச்சிரும்க்கா" என்றாள். அலமாரியின் முதுகு குளியலறைச் சுவரில் ஒட்டியிருந்தது. அது என் புத்தியில் உறைக்கவில்லை.

மாலை வீட்டுக்குப் போனால் கணவர் அதே பாட்டைப் போட்டுக்கொண்டு பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தார். "உன் தங்கச்சி பின்னிட்டா, போ" என்றார். ஸ்பீக்கரில் அவருடைய மனைவி அவருடைய குழந்தையைக் கூப்பிட்டுக் கதறிக்கொண்டிருக்கிறாள், மனுஷர் தலையை ஆட்டிக்கொண்டே தட்டைக் கழுவுகிறார். அந்தத் தட்டை எடுத்துச் சுவரில் அடிக்கலாம் போல இருந்தது. அவர் மேல் என்ன தப்பு? நான் அழுது அவர் கேட்டிருந்தால்தானே. பாட்டை நிறுத்திவிட்டு, தலைவலி என்று போய்ப் படுத்துக்கொண்டேன்.

சனிக்கிழமை அவளுக்குக் கச்சேரி. பெரிய அரங்கம், பெரிய ஸ்பீக்கர்கள். அதற்குள் அந்த அழுகை பாட்டிலிருந்து போயாக வேண்டும். ஊர் முழுக்க என் நண்டைக் கூப்பிடக் கூடாது. மறுநாள் நேராக, அவள் இப்போது தங்கியிருக்கும் அறைக்குப் போனேன்.

"அதை எடு" என்றேன். எதை என்று அவள் கேட்கவில்லை.

"வேணும்னு பண்ணலக்கா. செவுத்து வழியா தானா மைக்ல விழுந்துருச்சு. அப்புறம் போட்டுக் கேட்டப்போ... நான் பாடினது எல்லாம் அதுக்கு முன்னாடி பொய்யாத் தெரிஞ்சுது."

"அதனால என்னோடத எடுத்து ஒட்டிக்கிட்டியா? வெக்கமா இல்ல?"

"யாருக்குமே நீன்னு தெரியாதுக்கா. மாமாவுக்கே தெரியல."

அறைந்திருப்பேன்.

"அந்தப் பாட்டுக்காகத்தான்க்கா எல்லாரும் வராங்க" என்றாள் மெதுவாக. "அழுகைய எடுத்துட்டா அங்க ஒண்ணுமே இல்ல. எத்தன பேர் எழுதியிருக்காங்க தெரியுமா? தங்களுக்கும் இப்படி ஆச்சுன்னு, கேட்டுட்டு அழுதோம்னு. நீ முழுசாக் கேட்டியா?"

"போடு" என்றேன். "கேக்கறேன்."

ஹெட்போனைத் தலையில் மாட்டிவிட்டாள். கண்ணை மூடிக்கொண்டேன். என்ஜின் சத்தத்தை வைத்தே எந்த கியர் என்று சொல்கிறவள் நான். முதலில் அழுகை சுவருக்கு அந்தப் பக்கம் இருந்தது, மங்கலாக. அவள் சொன்னது சரிதான், தானாக விழுந்த சத்தம். பிறகு ஒரு சின்ன கரகரப்பு. தண்ணீர் தெளிவாகக் கேட்டது. அழுகை கிட்டே வந்தது. இன்னும் கிட்டே. கடைசியில் என் மூச்சு தொண்டையில் சிக்கித் திணறுவதுகூடக் கேட்டது.

அன்று நான் குளியலறையின் மூலையில், தரையில் உட்கார்ந்திருந்தேன். எழுந்திருக்கக்கூட இல்லை. அழுகை எப்படிக் கிட்டே வரும்?

ஹெட்போனைக் கழற்றினேன்.

"மைக்கை அலமாரியிலேர்ந்து எடுத்துக்கிட்டுக் கதவுகிட்ட வந்திருக்கே."

அவள் பாட்டை நிறுத்தினாள்.

"கதவுக்கு வெளிய நின்னுக்கிட்டு இருந்திருக்கே. நான் உள்ள செத்துக்கிட்டு இருக்கேன், நீ நின்னு கேட்டுக்கிட்டு இருந்திருக்கே."

"எடுத்துர்றேன்க்கா." போனைத் தடவி எடுத்தாள். "இப்பவே எடுத்துர்றேன். பாட்டையே தூக்கிர்றேன். கச்சேரில பாடல."

இதற்காகத்தான் வந்தேன். இப்போது அது எனக்குப் பெரிதாகவே தெரியவில்லை. யார் யாரோ முகம் தெரியாதவர்கள் என் அழுகையைக் கேட்டது ஒரு பக்கம். அதை முதலில் கேட்டவள் என் கூடப்பிறந்தவள். கேட்டுவிட்டு ஒரு வார்த்தை பேசாமல், அன்று மத்தியானம் என் எதிரில் உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறாள். குழம்பில் உப்பு கம்மி என்றுகூடச் சொல்லியிருப்பாள்.

"ஏண்டி தட்டல?"

"தட்டலாம்னுதான்க்கா முதல்ல எழுந்தேன். சத்தியமா." அழ ஆரம்பித்துவிட்டாள், சிணுங்கி. "கைல மைக் இருந்துச்சு."

"இன்னொரு கை?"

போனைக் கட்டில் மேல் போட்டுவிட்டு, அந்தக் கையை நீட்டி என் தோளைப் பிடிக்க வந்தாள். நான் தட்டிவிட்டேன்.

"இந்தக் கை அன்னிக்கு வேண்டியிருந்துச்சுடி எனக்கு" என்றேன்.