மேல் அறையில் பதினொரு பாகை

2023 ஜனவரி 17, செவ்வாய்க்கிழமை. கிழக்கு லண்டன், பிளேஸ்டோ. காலை எட்டு மணிக்கு அந்த வீட்டின் மேல்மாடிப் பின்னறையில் வெப்பநிலை பதினொரு பாகை செல்சியஸ். மற்ற நான்கு அறைகளிலும் இருபது.

அந்தப் பின்னறையில்தான் டிசம்பர் 30ஆம் திகதி விடியற்புறம் இராஜேந்திரன் இறந்தார். நுரையீரலில் புற்றுநோய். வயது எழுபத்தொன்று. அன்று மாலை அவருடைய மனைவி தவநாயகி, அவர் தலை வைத்துக் கிடந்த பக்கம் தரையில் ஒரு தட்டை வைத்து, அதன்மேல் சிறிய பித்தளை விளக்கொன்றை ஏற்றினார். முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியை முடியும்வரை அது நூர்ந்து அணையக் கூடாது. இடமும் மாறக் கூடாது. ஆஸ்பத்திரி தந்திருந்த கட்டிலைத் திருப்பி எடுத்துப் போனதும் தவநாயகி விளக்குக்குப் பக்கத்தில் மெத்தை போட்டுப் படுக்கத் தொடங்கினார்.

தவநாயகிக்கு ஆஸ்துமா. நவம்பரில் நிமோனியாவோடு பத்து நாள் ஆஸ்பத்திரியில் இருந்தவர். இன்னொரு முறை வந்தால் காப்பாற்றுவது கடினம், குளிரில் படுக்க விட வேண்டாம் என்று மகன் தர்சிகனிடம் டாக்டர் சொல்லியிருந்தார். மின்சார ஹீட்டர் ஒன்றைக் கொண்டுவந்து வைத்தார்கள். அதன் காற்றில் சுடர் சாய்ந்தது. அவர் அதை நிறுத்தி வாசலுக்கு வெளியே தள்ளிவிட்டார். அந்தியேட்டிக்கு இன்னும் பன்னிரண்டு நாட்கள் இருந்தன.

சுடுநீர் ஓடிச் சூடாக்கும் ரேடியேட்டர் அந்த அறையில் மட்டும் சுடவில்லை என்று தர்சிகன் ஜெராட்டைக் கூப்பிட்டான். ஜெராட் மன்னார்க்காரர், கத்தோலிக்கர், அந்தப் பகுதியில் பதினெட்டு வருடமாக ஹீட்டிங் வேலை செய்பவர்.

"நீங்கள் ஏதும் செய்து பாத்தனீங்களோ?" என்று படியேறும்போதே கேட்டார்.

"ரேடியேட்டருக்குள்ள இருந்த காத்தை எடுத்தனான் அண்ணை. பிறகு வால்வைத் தட்டிப் பாத்தன். யூடியூப்பில அப்பிடித்தான் சொன்னவங்கள்."

"இவர் சுத்தியலால போட்ட போட்டில பக்கத்து வீட்டுக்காரி பயந்துபோய் ஓடிவந்தவா," என்றாள் அவன் மனைவி ஜதுர்ஷிகா. "வீடு உடைஞ்சா என்னட்டையும் சொல்லுங்கோ எண்டு கேட்டவா."

அறை வாசலில் ஜெராட் சப்பாத்தைக் கழற்றினார். உள்ளே அவருடைய மூச்சு புகையாகத் தெரிந்தது. யன்னல் இறுகப் பூட்டியிருந்தது. தவநாயகி கம்பளியைச் சுற்றிக்கொண்டு மெத்தையில் இருந்தார்.

ரேடியேட்டரின் அடியில், சுவர் ஓரமாக, வெள்ளைத் தலையோடு வால்வு இருந்தது. தலைக்குள் இருக்கும் மெழுகு அறைச் சூட்டில் விரிந்து ஓர் ஊசியை அழுத்தும். ஊசி இறங்கினால் சுடுநீர் நிற்கும். அறை குளிர்ந்தால் மெழுகு சுருங்கி, ஊசி எழும்பி, நீர் ஓடும். ஜெராட் கீழ்க் குழாயைத் தொட்டார். சுட்டது. வால்வுக்கு மேலே தொட்டார். பச்சைத்தண்ணீர் போலக் குளிர்ந்தது. தலையில் இருந்த எண் ஐந்து. முழுவதும் திறந்திருக்க வேண்டிய எண்.

"ஊசி இறுகிப்போச்சுப் போல. அம்மா, கொஞ்சம் தள்ளி இருக்கிறியளோ? விளக்கில என்ர கால் பட்டிடும்."

தவநாயகி விளக்கைத் தட்டோடு தூக்கி மடியில் வைத்துக்கொண்டார். எண்ணெய் விடும்போதும் அறையைக் கூட்டும்போதும் அப்படித்தான் செய்வார். முடிந்ததும் அதே இடத்தில் வைப்பார். ஜெராட் மரியாதைக்காக விளக்கையும் அதற்குப் பின்னால் சாய்த்திருந்த படத்தையும் நேராகப் பார்க்கவில்லை.

தலையைக் கழற்றி ஊசியை அழுத்தினார். அது தடையில்லாமல் இறங்கி எழும்பியது. ஐந்து நிமிடத்தில் ரேடியேட்டர் சுட்டது.

"ஊசியில பிழை இல்லை. தலைதான் பழுது. பத்து வருசப் பழசு." வண்டியில் இருந்து புதிய தலை ஒன்றைக் கொண்டுவந்து பூட்டினார். அரை மணி நேரம் காத்திருந்தார். சூடு குறையவில்லை. போனார்.

மறுநாள் காலை பதினொரு பாகை.

வியாழக்கிழமை ஜெராட் வால்வையே மாற்றினார். தவநாயகி மறுபடியும் விளக்கை மடியில் வைத்துக்கொண்டு இருந்தார். ரேடியேட்டரில் இருந்து வாளிக்குள் இறங்கிய தண்ணீர் மை போலக் கறுத்திருந்தது. புது வால்வைப் பூட்டி, தண்ணீர் நிரப்பி, காற்றெடுத்தார். ரேடியேட்டர் நன்றாகச் சுட்டது. அவர் இருந்த ஒரு மணி நேரமும் சுட்டது.

"நீங்கள் போன பிறகு அது நிண்டிடும் தம்பி," என்றார் தவநாயகி.

"ஏனம்மா அப்பிடிச் சொல்றியள்?"

"அண்டைக்கும் அப்பிடித்தானே. ஆக்கள் இருக்கேக்க சுடும். நான் தனிய இருக்கேக்க குளிர் வரும். அந்த மூலையில இருந்து வந்து என்ர காலடியில நிக்கும்."

வெள்ளிக்கிழமை காலை பத்து பாகை. தவநாயகி முதல் நாள் இரவு சாப்பிடவில்லை. மூச்சுக்கு இழுக்கும் பம்ப் யன்னல் விளிம்பில் மூன்று நாளாகத் தொடாமல் இருந்ததை ஜதுர்ஷிகா கண்டுபிடித்தாள். எவ்வளவு கெஞ்சியும் தவநாயகி அதை வாங்கவில்லை. "இனி என்னத்துக்கு அது," என்று மட்டும் சொன்னார்.

தர்சிகன் அம்புலன்ஸ் கூப்பிடுவதா என்று யோசித்துக்கொண்டிருந்தபோது ஜெராட் மூன்றாம் முறை வந்தார். தவநாயகி கண்ணயர்ந்திருந்தார். அவரை எழுப்ப மனமில்லாமல், பெட்டியையும் திறக்காமல், ஜெராட் தரையில் உட்கார்ந்து ரேடியேட்டரைப் பார்த்தார். விளக்கு இம்முறை தன் இடத்தில் இருந்தது. இராஜேந்திரன் குளிருக்கு ரேடியேட்டர் பக்கமாகத் தலை வைத்துப் படுத்தவர். அதனால் விளக்கும் அங்கே, வால்வின் கீழ், ஒரு சாண் இடைவெளியில் எரிந்தது. ஜெராட் வால்வுத் தலையைத் தொட்டார். அறையில் அது ஒன்றுதான் சூடாக இருந்தது.

கீழே போய்ச் சொன்னார். "விளக்குச் சூட்டில வால்வுத் தலைக்கு அந்த அறை முப்பது டிகிரி. அது தன்ர வேலையைச் சரியாத்தான் செய்யுது. அம்மா விளக்கைத் தூக்கினாத் திறக்கும், வச்சா மூடும். நான்தான் மூண்டு நாளாப் பாக்காமல் விட்டிட்டன்."

"கடவுளே," என்று தர்சிகன் சிரித்தான். அந்த மாதத்தில் அவன் சிரித்தது அதுதான் முதல் தடவை. "அப்ப விளக்கைத் தள்ளி வைப்பம்."

"வைக்க விடுவாவோ?" என்றாள் ஜதுர்ஷிகா. "உங்களைத்தான் தள்ளி வைப்பா."

"விளக்கு இருக்கட்டும்," என்றார் ஜெராட். "வெப்பம் அறியிற சென்சர் தனியா உள்ள தலை இருக்கு. மெல்லிய குழாய் ஒண்டால அதை அங்கால சுவருக்குக் கொண்டு போகலாம். எந்தச் சுவர் எண்டு பாக்க வேணும். அந்த அறையில வெப்பம் பாக்கிற சாமான் ஒண்டு வச்சிருக்கிறியள் எல்லே?"

மாமனாருடைய நோய்க்காக ஜதுர்ஷிகா வாங்கி அலுமாரி மேல் வைத்த சிறு கருவி அது. அரை மணிக்கு ஒருமுறை அளந்து அவளுடைய போனுக்கு அனுப்பும். தர்சிகன் தேநீர் போடக் குசினிக்குப் போனான். அவள் போனை ஜெராட்டிடம் கொடுத்தாள். அவர் ஜனவரி மாத வரைபடத்தைப் பார்த்தார். விளக்கைத் தூக்கிய நேரங்கள் மேடு மேடாகத் தெரிந்தன. கணக்குச் சரியாக வந்தது. பிறகு டிசம்பருக்குப் போனார். அங்கே விரல் நின்றது.

"விளக்கு எப்ப ஏத்தினவா?"

"அண்டைக்குப் பின்னேரம், ஆறு மணி போல."

"மாமா எத்தனை மணிக்குப் போனவர்?"

"விடிய மூண்டு இருபது."

அவர் போனைத் திருப்பிக் காட்டினார். டிசம்பர் 30, விடியற்புறம் மூன்று மணிக்கு இருபது பாகை. மூன்றரைக்குப் பன்னிரண்டு.

ஜதுர்ஷிகா போனை வாங்கிப் பார்த்தாள். "வால்வு மூடினா இப்பிடி விழுமே அண்ணை?"

"நாலஞ்சு மணித்தியாலம் எடுக்கும். யன்னல் ஆரும் திறந்தவையோ?"

"நான்தான் பக்கத்தில நிண்டனான். ஒருத்தரும் திறக்கேல்ல." குரலைத் தாழ்த்தினாள். "எனக்கும் அப்ப குளிர்ந்தது. பயத்தில எண்டு நினைச்சன்."

தர்சிகன் கோப்பைகளோடு வந்தான். அவள் போனை அணைத்துவிட்டாள்.

ஜெராட் சென்சரை எதிர்ச் சுவரில், கதவுப் பக்கமாக, இடுப்பளவு உயரத்தில் பூட்டினார். குழாயைச் சுவரோரப் பலகை மேல் கிளிப் அடித்துக் கொண்டுபோனார். விளக்கு இருந்த இடத்திலேயே எரிந்தது. ரேடியேட்டர் சுடத் தொடங்கியது. தவநாயகி எழுந்திருந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார்.

"தம்பி, ஒரு விஷயம் கேக்கிறன். மறைக்காமல் சொல்லுங்கோ."

"கேளுங்கோ அம்மா."

"குளிருக்குக் காரணம் இந்த விளக்குத்தானோ? வேறை ஒண்டும் இல்லையோ?"

ஜெராட் ஜதுர்ஷிகாவைப் பார்க்கவில்லை. திருகாணி முடுக்கியைத் துடைத்தார். "விளக்குத்தான் அம்மா. சூடு பட்டு வால்வு மூடிக்கொண்டது. வேறை ஒண்டும் இல்லை."

"அவர் என்னையும் வரச் சொல்றார் எண்டெல்லோ நான் நினைச்சன்," என்றார் தவநாயகி. "சரி, போவம் எண்டு இருந்தன்." பிறகு கையை நீட்டினார். "பிள்ளை, அந்தப் பம்பை எடு."

ஜதுர்ஷிகா எடுத்துக் கொடுத்தாள். இரண்டு முறை இழுத்தார். இரவு இடியப்பமும் சொதியும் சாப்பிட்டார்.

மறுநாள் காலை அறை இருபது பாகை. அதற்கடுத்த நாளும் இருபது.

ஜனவரி 29, ஞாயிற்றுக்கிழமை, அந்தியேட்டி நடந்தது. மாலையில் தவநாயகி விளக்கைத் தன் கையால் நூர்த்தார். அன்றிரவு கீழறைக்கு மாறினார். ஜதுர்ஷிகா போனில் இருந்த டிசம்பர் மாதப் பதிவுகளை அழித்தாள். தர்சிகன் அவற்றைப் பார்த்ததில்லை. தவநாயகி அந்தக் குளிர்காலத்தில் ஆஸ்பத்திரிக்குப் போகவில்லை.