பின்வரிசையில் இருப்பது

“சாவியக் குடுங்க.”

அந்த வீட்டில் கேட்கவே கூடாத ஒன்று உண்டென்றால் அது இதுதான். சாவி அப்பா கழுத்தில் ஏறிய நாளிலேயே பெரியவளிடம் அம்மா சொல்லிவைத்திருந்தாள். அப்பாவிடம் துணி கேட்கலாம், செருப்பு கேட்கலாம். கல்லூரிக்குப் போகிறேன் என்றுகூடக் கேட்கலாம். பெரியவள் அப்படித்தான் கேட்டாள்; உதடு கிழிய வாங்கிக்கொண்டாள், வாங்கிய கையோடு அந்தக் குடும்பத்தின் முதல் பட்டத்தையும் வாங்கினாள். ஆனால் சாவி மட்டும் கூடாது. “மத்ததெல்லாம் கேளு. ஒதைப்பாரு, அப்புறம் விடுவாரு. அதக் கேட்டா விட மாட்டாருடி.”

சாவி அப்பாவின் கழுத்தில் தொங்கியது. ஒரே கயிற்றில் இரண்டு சாமான்கள், விசிலும் சாவியும். குளிக்கும்போதுகூடக் கழற்ற மாட்டார்.

சமையலறை வாசலில் தங்கை தரையில் உட்கார்ந்திருந்தாள். பதின்மூன்று வயது, எடை ஒரு பத்து வயதுக்குரியது; அதனால் வீட்டில் குருவி. இரண்டு கைகளையும் முழங்காலில் ஊன்றி, தோள்களைக் காதுவரை தூக்கித் தூக்கி மூச்சை இழுத்துக்கொண்டிருந்தாள். ஒவ்வோர் இழுப்புக்கும் கழுத்தடியில் ஒரு குழி விழுந்தது. எண்ணெய் காணாத கதவுக் கீலைப் போல நெஞ்சு கிறீச்சிட்டது. பக்கத்தில் அவளுடைய முதுகுப்பை வாய் பிளந்து கிடந்தது. அதிலிருந்து எடுத்த இன்ஹேலரைப் பெரியவள் நான்கு முறை குலுக்கி அழுத்திவிட்டாள். வெறும் காற்று வந்தது. தேதி பார்த்தாள். போன வருடத்தோடு செத்துப்போன மருந்து.

இத்தனைக்கும் காரணம் அன்றைய பயிற்சி. ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணிக்கு அப்பா விசில் ஊதுவார். ஊதினால் பல் தேய்க்கிறவள் பல் தேய்த்தபடியே வரவேண்டும். ஆளுக்கொரு முதுகுப்பை; அதில் மாவு, தண்ணீர், கயிறு, டார்ச், மருந்து, குட்டைக் கடப்பாரை. பையை மாட்டிக்கொண்டு நான்கு மாடி இறங்கித் தெருமுனை விளக்குக் கம்பத்தைத் தொட வேண்டும், மூன்று நிமிடத்துக்குள். தாமதித்தவர் திரும்ப ஏறி முதலிலிருந்து. கீழ்த்தளத்துத் தையல்காரர் கடை வாசலில் நின்று வேடிக்கை பார்ப்பார். “விசில் சார், உலகம் அழியற அன்னைக்கு எனக்கும் ஒரு குரல் குடுங்க. தைக்கக் குடுத்தவங்க யாரும் இனிமே வரமாட்டாங்கன்னு நிம்மதியாத் தூங்குவேன்.” அப்பா சிரிக்க மாட்டார். அன்று குருவிக்கு ஏழு விநாடி தாமதம். இரண்டாம் முறை பன்னிரண்டு. மூன்றாம் முறை இரண்டாவது மாடியிலேயே உட்கார்ந்துவிட்டாள். பெரியவள்தான் அவளையும் பையையும் தூக்கிக்கொண்டு மேலே வந்தாள்.

“காதுல விழல? சாவியக் குடுங்க. மருந்து உள்ள இருக்கு.”

அப்பா நாற்காலியில் உட்கார்ந்து கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். “பையில இருக்கறத வச்சுத்தான் சமாளிக்கணும். நெசமாவே ஒண்ணு நடந்தா யாரு ஓடிவந்து குடுப்பா?”

“பையில இருக்கறது காலாவதி.”

“முன்வரிசையில இருந்தது. அதான் அவளுக்கு.”

முன்வரிசை. அந்த வார்த்தையில்தான் அந்த வீடே ஓடியது. பூட்டிய அறை ஒரு காலத்தில் பிள்ளைகள் படுத்துறங்கிய அறை. இப்போது தரையிலிருந்து கூரைவரை அரிசி மூட்டை, பருப்பு டின், எண்ணெய், மெழுகுவத்தி, மருந்து அலமாரி. புதிதாக எது வீட்டுக்குள் வந்தாலும் முதலில் அப்பா கைக்குப் போய், அங்கிருந்து பின்வரிசைக்குப் போகும். பின்னால் இருந்தது முன்னால் நகரும். முன்னால் இருந்தது வெளியே வரும். வெளியே வருவதைத்தான் சாப்பிட வேண்டும். பார்க்கப்போனால் நல்ல ஏற்பாடு. ஆனால் அப்பாவுக்குக் கையிருப்பு குறையக் கூடாது, கூடிக்கொண்டே போக வேண்டும். ஆகவே வரிசை நகரும் வேகமும் வருடத்துக்கு வருடம் குறைந்துகொண்டே வந்தது. எட்டு வருடமாக அந்த வீட்டில் யாரும் புது அரிசி தின்றதில்லை. அம்மா தினமும் வண்டு பொறுக்கினாள். “நம்ம வீட்டுல புது அரிசி சாப்பிடணும்னா பஞ்சம் வரணும்டி,” என்று பெரியவள் சொல்ல, குருவி தலையணையில் முகத்தைப் புதைத்துச் சிரிப்பாள். “காய்ச்சல்கூட மாத்திரையோட தேதி பாத்துத்தான் வரணும்க்கா.”

போன வாரம் பெரியவள்தான் இரண்டு புது இன்ஹேலர் வாங்கி வந்தாள். வாங்கியதை நேராகத் தங்கையின் கையில் கொடுத்திருக்கலாம். கொடுக்கவில்லை. பழக்க தோஷம், வாசலில் செருப்பைக் கழற்றுவதுபோல, அப்பா நீட்டிய கையில் வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள். படித்தவள், பார்சல் கிடங்கில் நாற்பது பேரை வேலை வாங்குகிறவள், கையை நீட்டியதும் கொடுத்தாள். மருத்துவமனை நான்கு மாடி இறங்கி இரண்டு தெரு தாண்டி. மருந்து பத்தடி தூரத்தில்.

அவள் எட்டி அவர் கழுத்துக் கயிற்றைப் பிடித்தாள்.

முதல் அறை காதோடு விழுந்தது. கண்ணுக்குள் வெள்ளை பூத்து அடங்குவதற்குள் இரண்டாவது. ஆலையில் பாய்லர் திறந்து மூடிய கை அது, இருபது வருடம் கரி தள்ளிய கை. கயிறு அவள் விரலிலிருந்து நழுவியது. கூந்தலைக் கொத்தாகப் பற்றி இழுத்துப்போய் அவள் தலையைக் கதவு நிலையில் மோதினார். ஒருமுறை. நெற்றி பிளந்து சூடாக ஏதோ புருவத்தில் இறங்கியது.

“படிச்ச திமிரா? என் கழுத்துல கை வைக்கிறியா?”

“விட்டுடுங்க, அவ சின்னப் பொண்ணு, தெரியாம...” என்று குறுக்கே வந்த அம்மாவைப் புறங்கையால் தள்ளினார். அம்மா அடுப்பு மேடையில் இடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். பாத்திரம் ஒன்று உருண்டு, சுற்றிச் சுற்றி, வெகுநேரம் கழித்து நின்றது. அது நின்ற பிறகுதான் குருவியின் சத்தம் குறைந்திருப்பது மூன்று பேருக்கும் தெரிந்தது. கிறீச்சிடவில்லை. உதட்டோரம் சாம்பல் பூசியதுபோல் இருந்தது.

“பாருங்க,” என்றாள் பெரியவள். “பாருங்க அவள.”

அவர் பார்த்தார். ஒரு நொடி முகம் இளகியது. பெரியவளுக்குத் தெரியும், அவருக்கு அப்போது தெரிந்தது குருவி இல்லை. இரண்டு பெண்களுக்கும் நடுவே ஒரு பையன் பிறந்தான். ஆலையை மூடுவதாக வாசலில் ஒருநாள் காலை நோட்டீஸ் ஒட்டினார்கள். போர்மேன் முதல் பெருக்குகிறவர்வரை நானூறு பேரும் சாப்பாட்டுத் தூக்கோடு திரும்பி வந்தார்கள். அதன் பிறகு வந்த மாதங்களில், நான்கு நாள் காய்ச்சலில், மருந்து வாங்க வழியில்லாமல் அவன் போனான். பிணத்தைத் தோளில் போட்டுக்கொண்டு அப்பா தெருத்தெருவாக நடந்தாராம், இன்னும் தூங்குகிறான் என்று சொல்லிக்கொண்டு. அந்த வருடம்தான் விசில் வாங்கினார். இந்தக் கதையைச் சொல்லித்தான் அம்மா ஒவ்வோர் அடிக்கும் மருந்து போட்டாள். பெரியவள் அதைக் கேட்டுக் கேட்டு, பாவம் என்று அழுது, பிறகு அழாமல், பிறகு கேட்காமல் ஆகியிருந்தாள். செத்தவனுக்காக இருக்கிறவள் எத்தனை தடவை சாக வேண்டும்?

“இன்னைக்குத் தெறந்தா என்னைக்கும் தெறப்பீங்க,” என்றார் அவர். இளகியது இறுகிவிட்டது. “மூச்ச மெதுவா விடச் சொல்லு. சரியாப் போயிடும். பழகணும்.”

பெரியவள் தன் முதுகுப்பையிலிருந்து குட்டைக் கடப்பாரையை உருவினாள். அதை எப்படிப் பிடிப்பது என்று சொல்லித்தந்ததும் அவர்தான். கட்டடம் இடிந்து கதவு சிக்கிக்கொண்டால், பூட்டில் அடித்து நேரத்தை வீணாக்காதே, நாதாங்கியின் திருகாணிப் பக்கம் நுனியைக் கொடு, உடம்பு எடை முழுதும் கைக்கு வரட்டும். பழைய பலகைகளில் வைத்துப் பழக்கினார், தோற்றால் முட்டியில் அடித்தார். அவள் நாதாங்கிக்கும் நிலைக்கும் நடுவில் நுனியைச் செருகினாள். முதல் நெம்பலில் மரம் முனகியது.

அப்பா பாய்ந்து வந்து நாதாங்கியை இடது கையால் பொத்திக்கொண்டார்.

“போடு. தைரியம் இருந்தா என் கை மேல போடு.”

“எடுங்க.”

“பெத்த கைய ஒடைப்பியா? ஒடை, பாக்கலாம்.”

“கைய எடு,” என்றாள். இருபத்து மூன்று வருடமாகக் கொடுத்த மரியாதை அந்த இடத்தில் அறுந்தது. அவருக்கும் அது கேட்டது. கண் ஒருமுறை துடித்தது. கையை எடுக்கவில்லை.

அவள் நுனியை வெளியே இழுத்தாள், ஓங்கினாள், இறக்கினாள். கை அங்கே இருப்பது தெரிந்துதான் இறக்கினாள். பிற்பாடு யாரிடம் எப்படிச் சொன்னாலும், தெரியாமல் பட்டுவிட்டது என்று அவளால் ஒருபோதும் சொல்ல முடியாது. பச்சைக் குச்சி முறிகிற சத்தம். அப்பா கத்தவில்லை. வாயைத் திறந்தார், சத்தம் வரவில்லை, கையை மார்போடு அணைத்துக்கொண்டு சுவரோரமாகச் சரிந்தார். அவள் திரும்பவும் நுனியைச் செருகி உடம்பைக் கொடுத்தாள். நாதாங்கி திருகாணிகளோடு பிடுங்கிக்கொண்டு வந்தது.

உள்ளே புழுங்கிய தானிய வாசனை. முன்வரிசையை முழங்கையால் வாரித் தள்ளினாள். பாட்டில்களும் மாத்திரை அட்டைகளும் தரையில் சிதறின. பின்னால், சுவரை ஒட்டி, அவள் வாங்கிய இரண்டு பெட்டிகளும் கடைக்கவரோடு அப்படியே இருந்தன.

“இழு. மெதுவா. என்னப் பாரு. விடாத, உள்ளயே வை. இன்னொண்ணு.”

இரண்டு. நான்கு. ஆறு. குருவியின் முதுகு அவள் கைக்குக் கீழே தவளைபோல் துடித்தது. பிறகு மறுபடியும் கிறீச்சென்ற ஒலி வந்தது. அதற்குமுன் வாழ்நாளில் அந்தச் சத்தத்துக்காக அவள் சந்தோஷப்பட்டதில்லை. உதட்டின் சாம்பல் கொஞ்சம் கொஞ்சமாகக் கலைந்தது.

“அக்கா, ரத்தம்,” என்றாள் குருவி, முதல் வார்த்தையாக.

“பேசாத. மூச்ச விடு.”

சுவரோரத்திலிருந்து அப்பாவின் குரல் வந்தது. வியர்வையில் சட்டை ஊறியிருந்தது. இடது கை புடைத்து வேறு யாருடையதோபோல் மடியில் கிடந்தது. “எதுலேந்து எடுத்த? முன்னாடியா, பின்னாடியா?”

பெரியவளுக்குச் சிரிப்பு வந்தது. அடிவயிற்றிலிருந்து வந்த அசிங்கமான சிரிப்பு. “பின்னாடி.”

“அது ரெண்டு வருஷம் வந்திருக்கும்,” என்றார். பெயர்ந்து தொங்கிய நாதாங்கியை நிமிர்ந்து பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். வலியையும் மீறி அவர் முகத்தில் வேறொன்று வந்தது. அவள் பட்டம் வாங்கிய அன்றுகூட அந்த முகத்தில் வராத ஒன்று. “ரெண்டே நெம்பு. சரியாத்தான் பண்ணியிருக்க.”

கடப்பாரை இன்னும் அவள் கக்கத்தில்தான் இருந்தது. அதைக் கீழே வைத்தாள்.

அம்மா எழுந்து அறை வாசலுக்குப் போய் நின்றாள். எட்டு வருடத்தில் அவள் அந்த அறைக்குள் காலெடுத்து வைத்ததில்லை. உள்ளே போய்க் கட்டுத்துணியும் இரண்டு பலகைத் துண்டுகளும் எடுத்து வந்து அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். கையைத் தூக்கியபோது அவர் முனகினார். “அசையாதீங்க,” என்றாள். அதட்டலாகத்தான் சொன்னாள்.

“இவள டாக்டர்ட்ட கூட்டிட்டுப் போறேம்மா. அவருக்கும் ஆள் அனுப்பறேன்,” என்றாள் பெரியவள்.

“சரி.”

“அங்கேருந்து எங்கூட வேலை பாக்கறவ ரூமுக்குப் போயிடுவோம். அவ எப்பவோ வரச் சொன்னா. இவ இனிமே இங்க வர மாட்டா.”

அம்மா முடிச்சுப் போட்டுக்கொண்டே இருந்தாள். “பாடப் புத்தகத்த எடுத்துக்கோ.”

“நீயும் வா.”

“இவருக்கு யாரு இருக்கா?” என்றாள் அம்மா. பிறகு, தலை நிமிராமல், “ஒரு வாரம் பொறு. கை கூடட்டும்,” என்றாள். யாருக்காகப் பொறுக்கச் சொன்னாள், என்ன செய்வதற்கு, பெரியவள் கேட்கவில்லை. கேட்டால் நின்றுவிடுவோம் என்று தெரிந்தது.

“வாசலத் தாண்டினா திரும்ப வர வழி கெடையாது,” என்றார் அப்பா.

“தெரியும்,” என்றாள். ஓங்கிய கை கீழே இறங்குவதற்குள்ளேயே அது முடிவாகியிருந்தது.

குருவியை முதுகில் ஏற்றிக்கொண்டாள். மூன்றாவது மாடியில் ஒரு கதவு சங்கிலி அளவுக்குத் திறந்து, ஒரு கண் அவள் நெற்றியைப் பார்த்துவிட்டு மூடிக்கொண்டது. முதல் மாடித் திருப்பத்தில் குருவியின் ஒரு செருப்பு கழன்று கைப்பிடிச் சந்து வழியே எங்கோ விழுந்தது.

“அக்கா, செருப்பு.”

“விடு.”

தெருவுக்கு வந்ததும் இறங்கி நடக்கிறேன் என்றாள். ஒன்பது மணிக்கே வெயில் சிமெண்டுத் தரையைச் சுட வைத்திருந்தது. பெரியவள் அவள் கையைப் பிடித்துக்கொண்டு, பார்த்தவர்கள் யாரையும் திரும்பிப் பார்க்காமல், அவளுக்குத் தக்கபடி மெதுவாக நடந்தாள். குருவி செருப்பிருந்த காலை வெயிலில் வைத்தாள். வெறுங்காலை மட்டும் அக்காவின் நிழலுக்குள் வைத்து, எடுத்து, மறுபடி வைத்து நடந்தாள்.